விட்டுப்போனது எது?

காலையில் மணி அடித்து வழிபாடு முடிந்ததும் வகுப்பில் நடைபெறும் முதல் வேலை வருகைப் பதிவு. ஆசிரியை பெயர்களை வரிசையாக வாசிக்க, "உள்ளேன் அம்மா" என்ற குரல் ஒன்றன்பின் ஒன்றாக எழும். ஏதோ ஒரு பெயருக்குப் பின் மட்டும் குரல் எழாது. அந்த மௌனத்திற்குத்தான் ஆசிரியை தலை நிமிர்ந்து பார்ப்பார்.

தலைகளை எண்ணிவிட்டால் போதாதா, எதற்காக இவ்வளவு பெயர்களையும் வாசிக்கவேண்டும் என்று சிறு வகுப்புத் தங்கைகள் கேட்பதுண்டு. போதாது. பதிவேட்டில் 42 பெயர்கள், பெஞ்சுகளில் 42 தலைகள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த 42 பேரில் ஒருத்தி, பக்கத்துப் பிரிவிலிருந்து தன் தோழியோடு வந்து உட்கார்ந்துகொண்டவள் என்றால்? இங்கே ஒருத்தி வரவில்லை. அங்கே ஒருத்தியைக் காணோம். இரண்டு தவறுகளும் 42 என்ற அழகான எண்ணுக்குள் ஒளிந்துகொண்டுவிடும். தொகைக்குத் தொகை ஒத்துப்போவதால் பெயருக்குப் பெயர் ஒத்துப்போனதாகாது.

மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி பயிலும் எங்களுக்கு இவ்வாண்டு மிகவும் பிடித்துப்போன பாடம் இதைப் பற்றியதுதான். தொடர்புடைய இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் உள்ள வரிக்கு மற்றொன்றில் இணையான வரி இல்லை. அத்தகைய வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்பதற்குச் சிறிய கேள்வியாகத் தோன்றும் இது, நாம் வாழும் இந்த வடசென்னையில் எத்தனை பெரிய கேள்வி என்பதை எழுதவே முற்பட்டோம்.

எங்களில் பலருடைய தந்தையரும் தாத்தாமாரும் துறைமுகத்தைச் சார்ந்து பிழைத்தவர்கள். 'டாலி கிளார்க்' என்ற சொல் இராயபுரத்து வீடுகளுக்குப் புதிதன்று. கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நின்று, நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டு எண்ணுபவர் அவர். அவர் கையில் இருப்பது ஒரு பட்டியல்: உண்மையில் இறங்கியவை. கப்பல் தரப்பினர் கொடுத்தது மற்றொரு பட்டியல்: இறங்கவேண்டியவை. இதற்கு 'மேனிஃபெஸ்ட்' என்று பெயர். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி அதைச் சுங்க அதிகாரியிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடும்போது மூன்று வகையான வரிகள் கிடைக்கும். இரண்டிலும் உள்ளவற்றைப் பற்றிக் கவலையில்லை. மேனிஃபெஸ்டில் இருந்து, டாலியில் இல்லாதது 'குறைவாக இறங்கிய' சரக்கு. அது வழியில் வேறு துறைமுகத்தில் தவறாக இறக்கப்பட்டதா, கப்பலின் அடித்தட்டிலேயே தங்கிவிட்டதா, களவு போயிற்றா என்று கப்பல் ஏஜெண்டைக் கேட்கவேண்டும். தகுந்த கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அச்சரக்குக்கு உரிய வரியைப்போல் இரண்டு மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. டாலியில் இருந்து, மேனிஃபெஸ்டில் இல்லாதது 'மிகையாக இறங்கிய' சரக்கு. யாருடையது, யார் அனுப்பியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி அது. முதல் வகையில் பொருளைத் தேடவேண்டும். இரண்டாம் வகையில் பொருளுக்கு உரியவரைத் தேடவேண்டும். ஆகவே ஒப்பிடும் வேலையை இருபுறமிருந்தும் செய்யவேண்டும். ஒருபுறம் மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கை மூடுவோர், பாதி வேலையைத்தான் செய்தவராவர்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருபுறம் ஒரு பெட்டி குறைகிறது, மறுபுறம் ஒரு பெட்டி மிகுகிறது என்றால், பெரும்பாலும் அவை இரண்டும் ஒரே பெட்டிதான்! பெட்டியின்மேல் எழுதிய குறி அழிந்திருக்கும், அல்லது ஓர் எண்ணை மாற்றி எழுதியிருப்பார்கள். இக்குறையைப் போக்கவே கண்டெயினர்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண்முறை வகுத்திருக்கிறார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகளின்மேல் உள்ள கண்டெயினர்களை உற்றுப் பாருங்கள். நான்கு எழுத்துகள், பின் ஆறு இலக்கங்கள், அதன் பின் பெரும்பாலும் ஒரு சிறு கட்டத்துக்குள் இன்னும் ஓர் இலக்கம் இருக்கும். கட்டத்துக்குள் இருப்பது, முன்னால் உள்ள பத்து எழுத்து எண்களிலிருந்தும் ஒரு கணக்குப் போட்டு வருவிக்கப்பட்ட இலக்கம். எழுதுபவர் 6ஐ 8 என்று எழுதிவிட்டால் கணக்கு இடித்துக்கொண்டு நிற்கும். பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தில் எங்களில் சிலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதையே விளையாட்டாக வைத்திருக்கிறோம்.

சரி, கணிப்பொறி இதை எப்படிச் செய்கிறது? செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, பொதுவான ஓர் எண்ணைக்கொண்டு அவற்றை இணைக்கலாம் என்ற கருத்தை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். இன்று வங்கி, இரயில்வே, ரேஷன் கடை என எங்கும் இருப்பது அவர் வகுத்த வழியே. அப்பொது எண்ணைத் திறவுகோல் என்பர். வகுப்பில் உங்கள் பதிவு எண் எப்படியோ அப்படி.

இரண்டு அட்டவணைகளை இணைக்கும்படி சொன்னால் கணிப்பொறி வழக்கமாக இரண்டிலும் உள்ள வரிகளை மட்டுமே காட்டும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. வந்தவர்களின் பட்டியலை எத்தனை முறை வாசித்தாலும் வராதவள் பெயர் அதில் இருக்கப்போவதில்லை. அவளைக் காணவேண்டுமானால் ஓர் அட்டவணையை முழுமையாக நிறுத்தி வைக்கவேண்டும். அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இணை கிடைத்தால் அதை எழுது, கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடு என்று சொல்லவேண்டும். எஸ்.க்யூ.எல். என்னும் கணிப்பொறி மொழியில் இதற்கு 'லெஃப்ட் ஜாயின்' என்று பெயர். பின்னர், எதிரே காலியாக உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் கொடு என்று கேட்டால் முடிந்தது. வலப்புற அட்டவணையை முழுமையாக நிறுத்தி வைத்து மறுமுறையும் இப்படியே செய்யவேண்டும். 'அக்செஸ்' என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி இருக்கிறது. அட்டவணைகளின் பெயரைக் கொடுத்தால் அதுவே கேள்வியை எழுதிக்கொள்கிறது. ஆனாலும் ஒருமுறையாவது இரண்டு தாள்களில் பெயர்களை எழுதி, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது செய்வது என்னவென்று விளங்குகிறது. முதலில் தாளில் செய்யுங்கள் என்பதே தங்கைகளுக்கு நாங்கள் சொல்வது.

காலியான அந்த இடத்திற்குக் கணிப்பொறிக்காரர்கள் 'நல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதும்போது 'நல்ல' என்பதில் பாதியைப்போல் தோன்றுகிறது. நல்லதா என்பது வேறு விஷயம்! 'நல்' என்றால் பூச்சியம் அன்று. வெற்றெழுத்தும் அன்று. 'தெரியாது' என்பதே அதன் பொருள்.

எதிரே வரி இல்லை என்றவுடன் பதறவேண்டியதில்லை. நேற்று இறங்கிய சரக்கு இன்று யார்டில் இருந்தால் அது இயற்கை. எத்தனை நாளாக இணையில்லாமல் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சுங்கச் சட்டமே இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. இறக்கிய 30 நாளுக்குள் எடுத்துச் செல்லாத சரக்கை, உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அதிகாரியின் அனுமதி பெற்று விற்றுவிடலாம். உள்ளே வந்தவை ஒரு பட்டியல், வெளியே போனவை ஒரு பட்டியல். முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதவை யார்டிலேயே நிற்பவை.

அப்படி நின்றவற்றுள் நம் பகுதி மக்கள் எளிதில் மறக்கமுடியாதது மணலியில் இருந்த அம்மோனியம் நைட்ரேட். 2015ஆம் ஆண்டில் சுங்கத்துறை கைப்பற்றிய சுமார் 740 டன், 37 கண்டெயினர்களில் ஒரு சரக்கு நிலையத்தில் வைக்கப்பட்டது. அவ்வாண்டு வெள்ளத்தில் ஒரு பகுதி கெட்டுப்போயிற்று. ஏறத்தாழ 697 டன் மிஞ்சியது. அதிகாரிகள் அறியாத சரக்கு அன்று அது. பதிவேட்டில் முறையாகவே இருந்தது. எனினும் ஐந்தாண்டுகள் அதற்கு எதிரே 'வெளியே போயிற்று' என்ற வரி எழுதப்படவில்லை. 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில், 2014 முதல் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஒலி மணலிக்கும் கேட்டது எனலாம். நாடெங்கும் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் தேங்கிக் கிடக்கும் ஆபத்தான சரக்குகளைச் சரிபார்த்து 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்கும்படி சுங்க வாரியம் ஆணையிட்டது. மணலியில் இருந்தவை அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே லாரிகளில் ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டன. இதைப் படிக்கும் பெற்றோரில் பலருக்கு அந்த நாட்களின் அச்சம் நினைவிருக்கும். இணையில்லா வரிகளின் பட்டியல் தயாராக இருப்பதோடு, அதை ஒருவர் கையில் எடுத்து வாசிக்கவும் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பெட்டிகளை விட்டு மனிதர்களிடம் வருவோம். காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகும் விசைப்படகுகளை எண்ணிப் பாருங்கள். புறப்பட்டவை ஒரு பட்டியல், திரும்பியவை ஒரு பட்டியல் என்று வைத்தால், எதைத் திறவுகோலாகக் கொள்வது? படகின் பதிவு எண் என்றுதான் எவரும் சொல்வர். நாங்களும் முதலில் அப்படித்தான் சொன்னோம். அது போதாது என்று பாடத்தில் அறிந்தோம். ஒரு படகு இந்த மாதம் 2ஆம் தேதி போய் 9ஆம் தேதி திரும்பியது. மறுபடி 12ஆம் தேதி போனது, இன்னும் வரவில்லை. படகு எண்ணைக்கொண்டு ஒப்பிட்டால், 9ஆம் தேதி திரும்பிய வரி 12ஆம் தேதி போன வரிக்கும் இணையாகிவிடும். பழைய வரவு, புதிய மறைவை மூடிவிடும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பயண எண்ணைக் கொண்டு ஒப்பிடவேண்டும்.

இன்னொரு பொறி இதைவிடக் கொடியது. ஆறு பயணங்கள் புறப்பட்டன; எண்கள் 1 முதல் 6 வரை. திரும்பிய பட்டியலில் 1, 2, 5 ஆகிய எண்களும், மழையில் நனைந்து எண் அழிந்துபோன ஒரு வரியும் உள்ளன. இப்போது கணிப்பொறியிடம், "திரும்பியவர் பட்டியலில் இல்லாத பயண எண்களைக் கூறு" என்று நேரடியாகக் கேட்கிறோம். எஸ்.க்யூ.எல். மொழியில் இது 'நாட் இன்' என்ற கட்டளை. என்ன விடை வரும்? 3, 4, 6 என்று வருமென்று நினைப்பீர்கள். ஒரு வரியும் வராது! எல்லோரும் திரும்பிவிட்டதைப்போல் திரை வெறுமையாக இருக்கும்.

ஏன் இப்படி? கணிப்பொறி 3ஆம் பயணத்தை எடுத்து, இது அப்பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணிலிருந்தும் வேறுபட்டதா என்று பார்க்கிறது. 1இலிருந்து வேறு, 2இலிருந்து வேறு, 5இலிருந்தும் வேறு. அழிந்த எண்ணிலிருந்து? அது 3 ஆகவும் இருக்கலாமே, தெரியாது. உறுதியாகச் சொல்ல முடியாததால் 3ஐ விடையில் சேர்க்க மறுக்கிறது. 4க்கும் 6க்கும் அதே கதி. ஒரே ஒரு நனைந்த வரி மூன்று படகுகளையும் மறைத்துவிட்டது. கணிப்பொறியின் தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் கரையில் காத்திருப்பவளுக்கு அந்தத் தர்க்கத்தால் பயனில்லை. முன்பு சொன்ன 'லெஃப்ட் ஜாயின்' முறையில் கேட்டால் 3, 4, 6 மூன்றும் ஒழுங்காக வந்து நிற்கும். மறுபுறமிருந்து கேட்டால் எண் அழிந்த அந்த ஒரு வரியும் வரும். மூவரில் ஒருவர் அதுவாக இருக்கலாம்; குறைந்தது இருவர் இன்னும் கடலில் இருக்கின்றனர் என்று அப்போது மனிதர் சிந்தித்து முடிவுக்கு வரலாம்.

எண்ணுக்கே இவ்வளவு என்றால் பெயரைத் திறவுகோலாகக் கொண்டால் படும் பாடு பெரிது. அந்தோணி, அந்தோனி. சேவியர், சவேரியார். ஆங்கிலத்தில் அந்தோணிக்கு 'எச்' சேர்த்து எழுதுவோர் சிலர், சேர்க்காமல் எழுதுவோர் சிலர். நாம் தந்தை பெயரின் தலைப்பெழுத்தை முன்னால் போடுவோம்; வெளிமாநிலத்து எழுத்தர் அதை விரித்துப் பின்னால் போடுவார். பெயருக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி தட்டச்சாகியிருந்தாலும் கணிப்பொறிக்கு அது வேறு ஆள். தமிழில் தட்டச்சுச் செய்தால் மற்றொரு விநோதம்: 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரண்டு குறிகளாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் வேறு. ஆகவே, இணை இல்லை என்று கணிப்பொறி சொல்லும் வரிகளை, ஆளே இல்லை என்று கொண்டுவிடாமல், ஒருவர் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துப் பார்க்கவேண்டும். கண் விடுவதைக் காது பிடித்துவிடும்.

இவ்வளவு இடர்களும் ஒன்றாக வந்து சேர்ந்த காலம் 2017ஆம் ஆண்டின் ஒக்கி புயல். நவம்பர் 29, 30 தேதிகளில் அப்புயல் குமரிக் கடலில் வலுத்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் பலர் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தனர். யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்பதற்கு முழுமையான பட்டியல் எவரிடமும் இல்லை. திரும்பியவர்களை எழுத முடிந்தது. போனவர்களின் பட்டியலே இல்லாதபோது யாரைக் காணோம் என்று எப்படிக் கேட்பது? நிறுத்தி வைக்க இடப்புற அட்டவணையே இல்லை. கடற்கரைப் பங்குகளில் வீடு வீடாகக் கேட்டு, எந்தப் படகில் யார் போனார் என்று பெயர் எழுதிச் சேர்த்தார்கள். இதற்கிடையே காற்றில் அடித்துச் செல்லப்பட்ட படகுகள் இலட்சத்தீவிலும், மகாராஷ்டிரத்திலும், குஜராத்திலும் கரையேறின. அங்கே எழுதப்பட்ட பெயர்களை இங்கே எழுதப்பட்ட பெயர்களோடு ஒப்பிடவேண்டும்; இரண்டும் வெவ்வேறு கைகள் எழுதியவை, வெவ்வேறு மொழியில் கேட்கப்பட்டவை. கேரளத்துப் படகில் போன தமிழர் ஒருவரை இரு மாநிலங்களும் எழுதியிருக்கலாம், அல்லது இரண்டுமே விட்டிருக்கலாம். அந்த நாட்களில் காணாமற்போனோரின் எண்ணிக்கை ஒவ்வோர் அறிக்கையிலும் ஒவ்வொன்றாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பட்டியல்களில் இறுதிவரை எதிரே ஒன்றும் எழுதப்படாமல் நின்ற பெயர்கள் உண்டு. ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் அவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. அதுவரை மனைவிக்கு இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கோ, காப்புத் தொகையோ, விதவை உதவித்தொகையோ கிடைப்பது அரிது. ஒக்கியில் மறைந்தவர்களின் குடும்பங்களை அந்த ஏழாண்டும் காத்திருக்க வைக்காமல் நிவாரணம் வழங்க அரசு முன்வந்தது. அதற்கு முதல் சான்றாக நின்றது, புயலுக்கு அடுத்த நாட்களில் கிராமத்தில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய அந்தப் பெயர்ப் பட்டியல்தான்.